பிளஸ் டூ தேறியும் கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிடும் பிள்ளைகள்: இடைப்பட்ட மாதங்களில் என்ன செய்யலாம்?

கேள்வி: மலையடிவார ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எங்கள் மாணவர்களில் ஒரு பகுதியினர் சித்தேரி மலைக் கிராமங்களிலிருந்து இறங்கிவந்து, அரசு விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். இன்னும் சிலருடைய பெற்றோர் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ கேரளத் தோட்டங்களுக்கோ பிழைக்கப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் ஊரிலேயே இருந்து படிக்கும். இவர்களைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவருவதற்கே நாங்கள் படாத பாடு படுகிறோம். ஆனால் என் கேள்வி அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது.

மார்ச் மாதத்தில் பொதுத்தேர்வு முடிகிறது. மே மாதத்தில் முடிவு வருகிறது. கல்லூரி வகுப்புகள் தொடங்க ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடுகிறது. இந்த இடைவெளியில் "லீவுக்கு அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று திருப்பூருக்குப் பேருந்து ஏறும் பிள்ளைகளில் எல்லோரும் திரும்பி வருவதில்லை. சென்ற ஆண்டு நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு மாணவிக்கு அரசு கலைக் கல்லூரியின் தரவரிசைப் பட்டியலில் இடம் உறுதியாகக் கிடைக்கும் நிலை இருந்தது. கலந்தாய்வு நாளில் அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தாள். விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது அவளுடைய மாமாவின் கைப்பேசி எண். குறுஞ்செய்தி அவருக்குப் போயிருக்கிறது. ஆங்கிலத்தில் வந்த அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்து அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

அரசின் உதவிகள் இல்லாமல் இல்லை. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக் கனவு, உயர்வுக்குப் படி ஆகிய உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. ஆனால் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்த நாளோடு பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. கல்லூரியின் பொறுப்போ சேர்க்கை நாளில்தான் தொடங்குகிறது. நடுவில் உள்ள நாட்களில் அந்தப் பிள்ளை யாருடைய பட்டியலிலும் இல்லை. இந்த நாட்களில் யார், எதை, எப்போது செய்தால் பலன் இருக்கும்? சேர்ந்த பிறகும் முதல் பருவத்திலேயே நின்றுவிடாமல் இருக்கப் பள்ளியின் தரப்பிலிருந்து செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: இ-சேவை நடத்துபவர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் பக்கத்து மாவட்டத்தில் ஓர் இ-சேவை மையம் நடத்துகிறேன். ஜூன் மாதத்தில் என் மையத்தின் முன் நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: மதிப்பெண் குறைந்ததால் இடத்தை இழக்கும் பிள்ளைகளுக்கு நிகராக, காகிதம் கைக்கு வராததால் இடத்தை இழக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதைத் தேர்வு முடிவுக்கு முன்பே, அதாவது ஏப்ரல் மாதத்திலேயே சரிசெய்துவிட முடியும்.

முதலில் சாதிச் சான்றிதழ். உங்கள் பகுதியின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். மற்ற வகுப்பினருக்கு வட்டாட்சியர் நிலையிலேயே முடிந்துவிடும் வேலை, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் வரை போக வேண்டும். விசாரணை, தந்தை வழி உறவினரின் சான்று என்று நாட்கள் ஓடிவிடும். பிளஸ் ஒன் படிக்கும்போதே சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்களுக்கு அப்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. வருமானச் சான்றிதழை மட்டும் அவ்வளவு முன்கூட்டி வாங்க வேண்டாம். அது ஓராண்டுக்குத்தான் செல்லும். குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதவர்களாக இருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பொறியியலுக்குப் போகும் பிள்ளைக்கு அது கல்விக் கட்டணச் சலுகை தரும். ஆனால் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால் கிடைக்காது என்பதையும் குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, ஆதார் அட்டையில் உள்ள பெயர். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பாவின் முழுப் பெயரும் பின்னால் ஒட்டியிருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மாத உதவித்தொகை கணக்கில் ஏறாது. கணக்கு தொடங்கினால் மட்டும் போதாது, அதே கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். வங்கிக்குப் போய் அதைக் கேட்டுவரப் பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தயக்கமாக இருக்கும். பள்ளி நடக்கும் காலத்திலேயே வங்கி ஊழியர் ஒருவரை அழைத்து ஒரே நாளில் முடித்துக்கொடுத்தால் பிற்பாடு அலைச்சல் இருக்காது.

பெற்றோருடன் இடம்பெயர்ந்து வேறு ஊர்ப் பள்ளிகளில் சில ஆண்டுகள் படித்த பிள்ளைகளைத் தனியே கவனியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் எங்கே படித்தார்கள் என்பதை வைத்துத்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடும் மாத உதவித்தொகையும் அமைகின்றன. எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் அந்த ஆண்டுகள் விடுபட்டிருந்தால், பழைய பள்ளியின் தலைமையாசிரியரிடம் அங்கே படித்ததற்கான போனஃபைடு சான்று வாங்க வேண்டியிருக்கும். கோடை விடுமுறையில் அவரை எங்கே தேடுவது?

கைப்பேசி எண் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள். விண்ணப்பத்தில் எப்போதும் கையில் இருக்கும் எண் ஒன்றையும், மாற்று எண் கேட்கும் இடத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் எண்ணையும் கொடுங்கள்.

பதில் 2: கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியர்

மேலே நண்பர் எழுதியவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். நான் ஓர் அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக் குழுவிலும் இருக்கிறேன்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது இப்போது இணையவழியில் நடந்தாலும், கலந்தாய்வுக்கு மாணவர் அசல் சான்றிதழ்களோடு அந்தந்தக் கல்லூரிக்கு நேரில் வர வேண்டும். எத்தனை கல்லூரிகளைத் தெரிவுசெய்தாரோ அத்தனை கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியலையும் கலந்தாய்வு நாளையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அழைத்த நாளில் வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஆனால் முதல் கட்டத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அடுத்தடுத்த கட்டங்களிலும், துணைத்தேர்வு முடிவு வந்த பிறகும் காலியிடங்கள் இருக்கவே செய்கின்றன. "நாள் தவறிவிட்டது, இனி அடுத்த வருடம்தான்" என்று குடும்பம் முடிவுகட்டிவிடும் நேரத்தில், யாராவது ஒருவர் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தாலே சில பிள்ளைகளை மீட்டுவிடலாம். ஒரு பாடத்தில் தவறியவர்களையும் உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். ஜூன், ஜூலை துணைத்தேர்வில் தேறி அதே ஆண்டில் எங்களிடம் சேர்ந்தவர்கள் உண்டு.

சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அதுதான் என் கவலை. நின்றுவிடும் மாணவர் ஒருநாள் வந்து "நான் நிற்கிறேன்" என்று சொல்வதில்லை. முதல் மாதத்தில் வாரம் ஒரு நாள் வராமல் இருப்பார். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் மதிப்பெண் மிகக் குறைவாக இருக்கும். அந்தத் தாளை வாங்கக்கூட வரமாட்டார். பிறகு வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகும். தேர்வுக் கட்டணம் கட்டும் நேரத்தில்தான் ஆள் இல்லை என்பதே அலுவலகத்துக்குத் தெரியும். எனவே, கவனிக்க வேண்டிய காலம் முதல் ஆறேழு வாரங்கள். அப்போது பேசினால் பிள்ளை திரும்பிவரும். நவம்பரில் பேசிப் பயனில்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்குள்ள இடர்ப்பாட்டை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு மாணவன் வகைக்கெழு என்றால் என்னவென்று நன்றாகவே அறிந்தவன். பள்ளியில் அதில் முழு மதிப்பெண் வாங்கியவன். கரும்பலகையில் "டெரிவேட்டிவ்" என்று எழுதிக் கணக்குப் போட்டபோது, இது தான் படிக்காத ஏதோ புதிய பாடம் என்று எண்ணி ஒரு வாரம் வாயே திறக்காமல் இருந்திருக்கிறான். அன்றிலிருந்து முதல் பருவத்தில் ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரு மொழியிலும் எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன். பள்ளியில் இதை நீங்களே செய்ய முடியும். பிளஸ் டூவின் கடைசி மாதங்களில் உங்கள் பாடத்தின் முக்கியச் சொற்களுக்கு ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதவைத்து அனுப்புங்கள். சில கல்லூரிகளில் சில பாடங்களுக்குத் தமிழ் வழிப் பிரிவே தனியாக உண்டு என்பதையும், விண்ணப்பத்தில் அதைத் தெரிவுசெய்ய முடியும் என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

பள்ளிக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு வழக்கம் ஏற்பட்டால் பெரும் உதவியாக இருக்கும். எங்கள் கல்லூரியில் சேர்ந்த உங்கள் மாணவர்களின் பெயரையும் துறையையும், யாருக்கு வீட்டில் என்ன நெருக்கடி என்பதையும், மாணவரின் சம்மதத்தோடு, ஒரு பக்கத்தில் எழுதித் துறைத்தலைவருக்கு அனுப்புங்கள். அறுபது புதிய முகங்களில் யாரை முதலில் விசாரிக்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரிந்திருக்கும்.

பதில் 3: முதல் தலைமுறைப் பட்டதாரி

ஆசிரியை அவர்களே, நானும் உங்கள் மாணவியைப் போன்ற ஒரு வீட்டிலிருந்து வந்தவள். இன்று ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பிள்ளையின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

மாதம் 1,000 ரூபாய் உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் சேரும் நாளில் அது கையில் இருக்காது. கல்லூரியில் சேர்ந்து, கல்லூரி வழியாக விண்ணப்பித்து, விவரங்கள் சரிபார்க்கப்பட்ட பிறகே வரத் தொடங்கும். சேர்க்கைக் கட்டணம், இரண்டு செட் துணி, செருப்பு, நோட்டு, விடுதி கிடைக்கும்வரை தினசரிப் பேருந்து, மதியச் சாப்பாடு என்று முதல் இரண்டு மாதச் செலவுதான் குடும்பத்தைத் தயங்கவைக்கிறது. திருப்பூரில் இருந்தால் அதே இரண்டு மாதத்தில் பிள்ளை சம்பளம் கொண்டுவரும். இந்தக் கணக்கைத்தான் அப்பாக்கள் மனத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "படிப்புதான் முக்கியம்" என்று அவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் அது அறிவுரையாகவே போகும். ஒரு தாளில் முதல் இரண்டு மாதங்களுக்கு எவ்வளவு செலவாகும், அதில் எது எப்போது திரும்பி வரும், மகளிருக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, விடுதி கிடைத்தால் சாப்பாட்டுச் செலவு போய்விடும் என்று எழுதிக் காட்டுங்கள். என் அப்பா அப்படி ஒருவர் எழுதிக்காட்டிய பிறகுதான் சம்மதித்தார். பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு சிறு தொகையை வட்டியில்லாமல் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறும் ஏற்பாடு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

பெண் பிள்ளைகளின் திருமணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பதினெட்டு முடிந்துவிட்டால் சட்டத்தைக் காட்டி நிறுத்த வழியில்லை. பிளஸ் டூ முடியும் வயதும் அதுவேதான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண நிதியுதவித் திட்டமே 2022ஆம் ஆண்டில் உயர்கல்வி உறுதித் திட்டமாக, அதாவது புதுமைப் பெண்ணாக மாற்றப்பட்டது என்பதை எங்கள் ஊர் அம்மாக்களிடம் சொன்னபோது அது அவர்களிடம் வேலை செய்தது. கல்யாணத்துக்கு ஒருமுறை கிடைத்த பணம் இப்போது படிக்கிற ஒவ்வொரு மாதமும் கிடைக்கிறது என்றால் அவர்களுக்கு உடனே விளங்குகிறது. இந்தப் பேச்சு மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன பிறகு தொடங்கக்கூடாது. அரையாண்டுத் தேர்வின்போதே வீட்டுக்குப் போய்ப் பேசிவிட வேண்டும்.

இன்னொன்று, கல்லூரியில் முதல் நாளன்று என்னை அழைத்துப்போனது எங்கள் தெருவில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்தப் பேராசிரியரிடம் தயங்காமல் கேட்கலாம், நூலகத்தில் புத்தகம் எடுக்க என்ன அட்டை வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். ஆசிரியரிடம் கேட்க வெட்கப்படும் கேள்விகளை அக்காவிடம் கேட்டுவிடலாம். உங்கள் பழைய மாணவர்கள் எந்தெந்தக் கல்லூரியில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள்.

பதில் 4: நியூயார்க் தமிழர்

இங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில், அதாவது ஈராண்டுப் பட்டம் தரும் கல்லூரியில், மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். நாடு வேறு, முறை வேறு என்பதை அறிந்தே எழுதுகிறேன்; ஆனால் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007ஆம் ஆண்டில் தொடங்கிய "ஏசாப்" என்ற திட்டம் உங்கள் கேள்விக்கு மிக அருகில் இருக்கிறது.

குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து, அடிப்படைப் பாடங்களில் பின்தங்கிய நிலையில் வரும் மாணவர்களுக்கான திட்டம் அது. உதவித்தொகை போக மீதிக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடநூல்களுக்கு உதவி செய்து, நகரப் போக்குவரத்துக்கான அட்டையையும் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக மாணவர் முழுநேரம் படிக்க வேண்டும், தன் ஆலோசகரை அடிக்கடி கட்டாயம் சந்திக்க வேண்டும். சாதாரணமாக ஓர் ஆலோசகருக்கு 600 முதல் 1,500 மாணவர்கள் வரை இருந்த இடத்தில், இத்திட்டத்தில் 60 முதல் 80 பேர்தான். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், திட்டத்துக்கு வெளியே 22 சதவீதம். பிறகு ஓஹியோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகளில் இதே முறையைச் செய்துபார்த்தபோதும் பட்டம் பெறும் விகிதம் ஏறக்குறைய இருமடங்கானது.

பணமும் பயணச் செலவும் தீர்ந்தால் போதும் என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை, ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி அழைத்துக் கேட்க ஓர் ஆளை வைத்தார்கள் என்பதே என் கண்ணில் இதன் சாரம். உங்கள் ஊரில் பணத்துக்கான ஏற்பாடு பெரும்பாலும் அரசிடமிருந்து வந்துவிட்டது. கேட்பதற்கான ஆள்தான் இன்னும் இல்லை.

பதில் 5: ஐடிஐ பயிற்றுநர்

எல்லோரும் கல்லூரி என்றே எழுதுவதால் ஒரு சொல். பட்டப்படிப்பில் ஆர்வமே இல்லாத ஒரு மாணவனைக் கிடைத்த பாடத்தில் தள்ளிவிட்டால் அவன் முதல் பருவத்தில் நிற்பது உறுதி. பிளஸ் டூவில் தகுந்த பாடங்களைப் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐடிஐயில் சேர்ந்தாலும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை உண்டு. வீட்டுக்குச் சீக்கிரம் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய பையனுக்கு இது நல்ல வழி, இரண்டாந்தர வழி இல்லை.

அங்கீகாரம் இல்லாத நர்சிங், பாராமெடிக்கல் படிப்புகளுக்கு ஆள் சேர்க்க மே மாதத்தில் ஊருக்குள் வருபவர்களைப் பற்றியும் பெற்றோரை எச்சரியுங்கள். நர்சிங் என்றால் தமிழ்நாடு செவிலியர் குழுமம், மற்றவை என்றால் உரிய அமைப்பு அங்கீகரித்த நிறுவனமா என்று பார்க்காமல் அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்கக்கூடாது. கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் ஓர் ஆண்டை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: மலையடிவார ஆசிரியை

நேரம் ஒதுக்கி இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தலைமையாசிரியரிடம் பேசினேன். சாதிச் சான்றிதழ் விவரத்தைப் பிளஸ் ஒன் வகுப்பிலேயே கேட்டு வாங்குவதற்கும், பிப்ரவரியில் வங்கி ஊழியரை அழைப்பதற்கும் ஒப்புக்கொண்டார். ஐடிஐ, பாலிடெக்னிக் பற்றி எழுதியவரின் கருத்தையும் ஏற்கிறேன். எங்கள் மாணவர் விவரப் பட்டியலில் "எந்தக் கல்லூரி" என்ற கட்டத்துக்கு முன்னால் "என்ன படிக்க விருப்பம்" என்று ஒரு கட்டம் சேர்க்கிறோம்.

பெயர் சொல்லி அழைக்கும் ஆள் என்ற யோசனையை இப்படித் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஆசிரியர் ஒவ்வொருவரும் இந்த ஆண்டு பிளஸ் டூ முடிப்பவர்களில் சிலரை ஏற்றுக்கொண்டு, மே மாதம் முதல் அரையாண்டுத் தேர்வு வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேச வேண்டும். அவர்களோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, தருமபுரி கல்லூரிகளில் ஏற்கெனவே படிக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவரையும் இணைத்துவிட வேண்டும். முதல் இரண்டு மாதச் செலவுத் தாளை நானே தயாரிக்கிறேன்.

பேராசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். துறைத்தலைவருக்கு அனுப்பும் அந்த ஒரு பக்கத்தில், மாணவரின் வீட்டு நிலைமையை எந்த அளவுக்கு எழுதலாம்? அதைப் படிக்கும் ஆசிரியர்கள் பிள்ளையைப் பரிதாபமாகவோ குறைவாகவோ பார்த்துவிடக்கூடாது என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. மாணவரின் சம்மதத்தோடு என்று நீங்கள் குறிப்பிட்டது சரியே; ஆனால் ஆசிரியர் கேட்டால் எங்கள் பிள்ளைகள் எதற்கும் சம்மதித்துவிடுவார்கள்.

பதில் 6: கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியர்

உங்கள் அச்சம் நியாயமானது. வீட்டு நிலைமையை எழுத வேண்டாம். என்ன உதவி தேவை என்பதை மட்டும் எழுதுங்கள்: "விடுதி இடம் அவசரம்", "கடைசிப் பேருந்து மாலை ஐந்தரைக்கு", "தொடர்புகொள்ள ஆசிரியரின் எண்" என்ற அளவில் இருந்தால் போதும். எழுதிய தாளை மாணவரிடமே கொடுத்துப் படிக்கவைத்து, அவர் அடித்துவிடச் சொல்லும் வரிகளை அடித்துவிட்டு அனுப்புங்கள். எங்கள் கல்லூரியில் இதைத் துறைத்தலைவரும் வகுப்புப் பொறுப்பாசிரியரும் தவிர வேறு யாரும் பார்க்காமல் வைத்துக்கொள்கிறோம். உங்கள் பகுதிக் கல்லூரிகளிடமும் அதே உறுதியைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு முதல் பட்டியலை அனுப்புங்கள்.